கைத்தடி பிடிக்காதவர்

"ஏம்பா, இன்னொரு கியர் எங்கப்பா?"

தட்சணாமூர்த்தி குனிந்து, காலடியில் விழுந்த துண்டை எடுத்தார். புது ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் தோள் துண்டை இடது பக்கம் வீசியிருந்தார். அவருடைய பழைய ஜீப்பாக இருந்தால், பெரிய கியருக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னக் கியரின் மேல் அது போய் உட்கார்ந்திருக்கும். இங்கே அந்தச் சின்னக் கியரையே காணோம்.

பாண்டிச்சேரி ஷோரூமிலிருந்து வண்டியை மரக்காணம் உப்பளம் வரைக்கும் ஓட்டி வந்திருந்த அறிவழகன் சிரித்தான்.

"அது ஃபோர் வீல் கியர் சார். புது மாடல்ல கெடையாது. கம்பெனியே நிறுத்திடுச்சு."

"நிறுத்திட்டாங்களா?" தட்சணாமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பின் சீட்டில் துணைக்கு வந்திருந்த உப்பு லாரி டிரைவர் கலியபெருமாள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"கைத்தடி இல்லன்னா உனுக்கு என்னாணா? நீதான் அத தொடவே மாட்டியே!"

உப்பளத்து டிரைவர்கள் அந்தச் சின்னக் கியருக்கு வைத்த பெயர் கைத்தடி. சேற்றில் சிக்கிய எவனாவது அதை இழுத்து, நாலு சக்கரத்தையும் சுற்ற விட்டு வெளியே வந்தால் தொலைந்தான். 'என்னாபா, கைத்தடி புடிச்சிட்டியா?' என்று டீக்கடையில் ஒரு வாரத்துக்கு மானத்தை வாங்கிவிடுவார்கள். பதினோரு வருடமாக அந்தக் கேலிக்கு ஆளாகாத ஒரே மனிதர் தட்சணாமூர்த்தி. உப்பு லாரி சேற்றில் புதைந்தாலும் சரி, அனுமந்தையில் ஃபைபர் படகை மணல் மேட்டில் இழுத்து ஏற்றுவதானாலும் சரி, ஆள் அனுப்புவது அவருக்குத்தான்.

அந்தப் பழைய ஜீப்பை உப்புக்காற்று தின்று தீர்த்துவிட்டது. சேஸ் விட்டுப் போய், எஃப்.சி. கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஒரு மாதமாக வேலை இல்லை. வெள்ளிக்கிழமை புது வண்டியோடு வந்து நிற்பதாக அனுமந்தைக்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று அவர் போகாவிட்டால், கூனிமேட்டு டிராக்டரை நிரந்தரமாகப் பேசி முடித்துவிடுவார்கள். அதோடு அவர் பிழைப்பு போயிற்று.

"ஓட்டிப் பாருங்க சார். அப்பறம் அந்தக் கியரயே மறந்துடுவீங்க" என்றான் அறிவழகன்.

ஓட்டினார். தார் ரோட்டில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஏசி குளுகுளுவென்று அடித்தது. ஆனால் உப்பு லாரிகள் திரும்பும் இடத்துக்கு வந்து, சேற்றில் இறங்கிய நொடியில் பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. சாம்பல் நிறச் சேற்றை வாரி இறைத்துவிட்டு, அச்சு வரைக்கும் புதைந்து உட்கார்ந்துகொண்டன.

தட்சணாமூர்த்தியின் இடது கை பக்கத்தில் எதையோ தேடியது. சட்டென்று அதை இழுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார்.

கலியபெருமாளின் சிரிப்பு நின்றுபோனது. "என்னாணா இது? கழுவெளி ஏரிச் சேத்தயே கைத்தடி இல்லாம தாண்டுன ஆளு நீ. இது சாதா குட்டைணா!"

"வண்டி சரியில்லடா." அவர் கதவைத் தள்ளித் திறந்தார்.

கீழே இறங்கியதும் கோபமெல்லாம் அறிவழகன் மேல் திரும்பியது.

"எந்த முட்டாள்பா அந்தக் கியர எடுக்கச் சொன்னான்? சேறுன்னா என்னான்னு தெரியுமா அவனுக்கு?"

"தெரிஞ்சவங்களத்தான் சார் கேட்டாங்க" என்றான் அறிவழகன், சேறு தெறித்த பேன்ட்டைப் பரிதாபமாகப் பார்த்தபடி. "அந்தக் கியரால வெய்ட்டு ஜாஸ்தி, டீசல் ஜாஸ்தி, வெலையும் ஜாஸ்தி. சரி, வாங்குனவங்க யூஸ் பண்றாங்களான்னு ரெண்டு வருஷம் முன்னாடி கடலோரம் பூரா சர்வே எடுத்தாங்க. சேத்துல ஓட்டுறவங்களே வேணாம்னா, டவுன்ல ஓட்டுறவங்களுக்கு எதுக்குன்னு எடுத்துட்டாங்க."

"எவன் வேணான்னு சொன்னான்?"

"யாரோ உப்பளத்து டிரைவராம் சார். பேரு போடல. கம்பெனி மேடம் ஒருத்தங்க ஒரு நாள் பூரா அவர் வண்டிலயே கூட உக்காந்து போயிருக்காங்க. அவரு அந்தக் கியர் பக்கமே போகலயாம். எங்க ட்ரெயினிங் புக்குல மொத பக்கத்துலயே போட்டிருக்கு." பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் படித்தான். "'ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. துண்டு போடத்தான் ஆகிறது.' அந்த டிரைவரே சிரிச்சிக்கிட்டு சொன்னாராம் சார்."

தட்சணாமூர்த்தி புத்தகத்தை வாங்கக் கை நீட்டவில்லை. கலியபெருமாள்தான் வெடுக்கென்று பிடுங்கினான்.

பக்கம் முழுக்க ஒரே படம். சின்னக் கியர், அதன் மேல் பச்சைக்கரைத் துண்டு. துண்டின் ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை. கலியபெருமாள் படத்தைப் பார்த்தான். தட்சணாமூர்த்தியின் தோளைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"அண்ணே! இது உன் துண்டுணா!" உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். "பாத்தியா? உன்ன பாத்துதான் கம்பெனிக்காரன் கியரயே தூக்கியிருக்கான்!"

தட்சணாமூர்த்தி படத்தையே வெறித்துப் பார்த்தார். துண்டு நன்றாகத் தெரிந்தது. சேறு வந்தபோதெல்லாம் ஒருவர் கண்ணிலும் படாமல் அந்தத் துண்டுக்கு அடியில் நுழைந்துகொண்ட அவருடைய இடது கையும், அந்தக் கை பிடித்துப் பிடித்தே வழவழவென்று தேய்ந்துபோன கைத்தடியின் தலையும்தான் படத்தில் தெரியவில்லை.