எட்டாவது மாப்பிள்ளையின் காது

"காது பெருசா இருக்கு. எனக்கு வேணாம்."

ஷோபாக்கா இப்படிச் சொன்னபோது, எட்டாவது மாப்பிள்ளை எங்கள் பேட்டையான மர்பி டவுனைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். அவர் தட்டில் பாதி கேசரி பாத் அப்படியே இருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டேன்.

"ஏழாவது ஆளுக்கு என்ன குறை?" என்று உமேஷ் அண்ணன் உறுமினார்.

"காபிய சர்ருன்னு உறிஞ்சினான்."

"ஆறாவது?"

"உறிஞ்சவே இல்ல. அதான் சந்தேகமா இருந்துச்சு."

"ஷோபா!"

"எனக்கு எதுக்குண்ணா கல்யாணம்? வீணாவுக்கு முடிச்சுடு."

"பெரியவ வீட்ல இருக்கறப்ப சின்னவளுக்கா? முதல்ல நீ, அப்புறம் அவ, அதுக்கப்புறம்தான் நான். வரிசைன்னா வரிசை!"

அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டில் கல்யாணம் என்பது ரேஷன் கடை க்யூ. அண்ணனுக்கு முப்பத்தாறு, ஷோபாக்காவுக்கு முப்பத்திரண்டு, வீணாக்காவுக்கு இருபத்தேழு. பத்தாவது படிக்கும் எனக்கு முன்னால் மூன்று பேர். கடையே இன்னும் திறக்கவில்லை.

வீணாக்கா சமையலறையில் வெங்காயம் இல்லாமலே அழுதாள். "வேணும்னே பண்றாடி, ரமா. தனக்கும் வேணாமாம், எனக்கும் கூடாதாம். கிரண் வீட்ல இந்த மாசம் வரைக்கும்தான் பொறுப்பாங்க. அப்புறம் அவனுக்கு ஹெப்பகோடில இருக்கற மாமா பொண்ணப் பேசிடுவாங்களாம்."

"காது பெருசா இருக்கு" என்றேன், ஷோபாக்கா குரலிலேயே.

அழுதுகொண்டே சிரித்தாள். கரண்டியால் ஒன்று வைத்தாள்.

எனக்கு எல்லார் குரலும் வரும். அண்ணன் குரல்தான் ஸ்பெஷல். தினமும் ஏழு மணிக்கு ரூம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கிசுகிசுவென்று பேசுவார். தட்டினால் மூக்கால் ஒரு செருமல், பிறகு "ஆபீஸ் விஷயம்!" நான் அப்படிச் செருமினால் அம்மாவே ஏமாந்துபோய்க் காபி கொண்டுவருவாள்.

புதன்கிழமை சாயந்திரம் ஹால் போன் அடித்தது. ஷோபாக்கா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. சும்மா ஒரு ஜாலிக்கு, அவள் குரலில் "ஹலோ" என்றேன்.

"ஷோபா? நான்தான், டெனிஸ். வீட்டுக்குப் பண்ணாதேன்னு சொன்ன. சாரிம்மா. காயின் பூத்துல இருக்கேன், சீக்கிரம் சொல்லிடறேன். எட்டாவது ஆளும் வந்துட்டுப் போயிட்டானாமே?"

"ம்."

"ஆறு வருஷம் ஆச்சு ஷோபா. 'நான் ஒரு கிறிஸ்டியனைக் கட்டிக்கிட்டா வீணாவை யாரும் கேட்டு வரமாட்டாங்க, அவ கல்யாணம் முடியட்டும்'னு நீ சொல்ற. உனக்கு முடிஞ்சாதான் அவளுக்குன்னு உங்கண்ணன் சொல்றார். அப்ப யாருக்குத்தான் முடியும்? மம்மி நம்ம கல்யாண கேக்குக்குன்னு ரம்ல திராட்சை ஊறப்போட்டு ஆறு வருஷம். அது இப்ப திராட்சை இல்ல, சாராயம்."

'ஆறு வருஷம்' என்று ஆரம்பித்தபோதே அவர் குரல் திடீரென்று இறங்கிவிட்டிருந்தது. பாவம், அழுகிறார் என்று நினைத்தேன்.

ஷோபாக்கா குரலைத் தேடிப்பிடித்து, "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மம்மியோட வந்துடு" என்று வைத்துவிட்டேன்.

கை சும்மா இருக்குமா? வீணாக்கா குரலில் கிரணுக்கும் அடித்தேன். "ஞாயித்துக்கிழமை பத்து மணி. அப்பா அம்மாவோட."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாடகைக் கடையிலிருந்து பதினைந்து நாற்காலி வந்து இறங்கியது.

"எதுக்குண்ணா இத்தனை?"

"ஒன்பதாவது மாப்பிள்ளை வர்றான். இந்தத் தடவை காதை அளந்து பார்த்துட்டுதான் வரச் சொல்லியிருக்கேன்."

ஒரே ஹாலில் மூன்று மாப்பிள்ளைகளா!

பத்து மணிக்கு பிரேசர் டவுனிலிருந்து ஆட்டோ வந்தது. டெனிஸும், கேக் டப்பாவோடு அவர் அம்மா மௌரீனும் இறங்கினார்கள். கேக்குக்கு முன்னால் வாசனை உள்ளே வந்தது. பின்னாலேயே கிரணும் அவன் அப்பா அம்மாவும்.

"டெனிஸ்!" என்றாள் ஷோபாக்கா.

"கிரண்!" என்றாள் வீணாக்கா.

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அண்ணன் வந்தார். எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"ஒன்பதாவது மாப்பிள்ளை டெனிஸ்தான். ஷோபா, வீணாவுக்காக நீ உன்னை நிறுத்தி வச்சிருக்க. உனக்காக நான் அவளை நிறுத்தி வச்சிருக்கேன். நல்ல குடும்பம்! ரெண்டு கல்யாணமும் ஒரே வாரத்துல. காது, காபின்னு இனிமே எவளாவது வாயத் திறந்தா பாரு."

வீணாக்கா ஷோபாக்காவைக் கட்டிக்கொண்டாள். "உன்னை என்னென்ன பேசிட்டேன்க்கா!"

"எல்லாம் கேட்டுச்சு. நம்ம சமையலறைச் சுவர் மெல்லிசுடி."

"உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டேன்.

"என் ரூம் போனும் ஹால் போனும் ஒரே லைன்தானே, குரங்கே. அன்னிக்கு டெனிஸ் பேசறப்ப சத்தம் இறங்கலையா? நான் அங்க எடுத்தேன். நீ கிரணுக்கு அடிச்சதையும் கேட்டேன்."

கேசரி பாத் சுற்றுக்கு வந்தது. எண்ணிப் பார்த்தேன். இன்னும் சில நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

வாசலில் மூன்றாவது ஆட்டோ. மைசூர் சில்க் கட்டிய ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் இறங்கினார்கள். அண்ணன் அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டு, எனக்கே செய்ய வராத ஒரு குரலில், "நமஸ்காரா சார்" என்று கன்னடத்தில் குழைந்தார்.

"இவங்க யாருண்ணா?"

மூக்கால் ஒரு செருமல்.

"ஆபீஸ் விஷயம்."