புள்ளி விழாத காசு

கைகளில் வெள்ளைக் கையுறை. மேசையில் வெள்ளைத் துணி. தலைக்கு மேல் பளிச்சென்று ஒரு விளக்கு. குனிந்திருந்தவர் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். ஊரிலிருந்து வந்த அண்ணன், யாருக்கோ ஆபரேஷன் நடக்கிறதென்றே பயந்துவிட்டார். தங்கை உதட்டில் விரலை வைத்து, அசையாமல் நிற்கச் சொன்னாள்.

எட்டிப் பார்த்தால், துணி மேல் கிடந்தது ஒரு காசு.

தங்கையின் புருஷன் அதன் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, பிளாஸ்டிக் டப்பிக்குள் இறக்கி மூடினார். டப்பி மூடியதும் வாய் திறந்தது.

"வாங்க மச்சான்! ஏய், மரம் மாதிரி நிக்கிறியே, தண்ணி குடுக்கத் தெரியாதா? தண்ணி கேட்டா கிணறு வெட்டப் போற ஜென்மம்! முப்பத்தஞ்சு வருசமா இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்."

"ஒரு காசுக்கு இத்தனை மரியாதையா மாப்பிள்ளை?"

"உங்க பையில கிடக்கே, அதுதான் காசு. மெஷின் ஒரே அடி அடிச்சுத் துப்பினது. இது ப்ரூஃப் மச்சான், காசு சேர்க்கிறவங்க விலை குடுத்து வாங்குறதுக்குன்னே அடிக்கிறது! அச்சையும் தகட்டையும் கண்ணாடியாத் தேய்ச்சு, ஒவ்வொண்ணாக் கையால வச்சு, நிதானமா ரெண்டு அடி. பக்கத்துல நின்னு பேசினா எச்சில் தெறிக்கும். தெறிச்சா புள்ளி. புள்ளி விழுந்தா செத்த காசு. முப்பது வருசம் நாணயச்சாலையில அந்த மெஷின் முன்னாடி நான் வாயே திறந்ததில்ல, தெரியுமா?"

அங்கே திறக்காததையெல்லாம் சேர்த்து வைத்து இங்கே திறக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

"இப்பவும் மாசா மாசம் புது செட் ஒண்ணு தபால்ல வந்துடும். அனுப்புறவன் பேர்கூடப் போட மாட்டான். கூட வேலை பார்த்த பயலுவதான், வேற யாரு? நம்ம கண்ணு பட்டாத்தான் அவனுங்களுக்குத் திருப்தி. அங்க மதிப்பு அப்படி. இங்க? பென்ஷனை முழுசா இவ கையில குடுக்கிறேன், மாசக் கடைசியில சோப்புக்குக் காசில்லங்கிறா. தின்னே தீர்க்கிறா!"

தின்று தீர்த்தவளின் மணிக்கட்டு விளக்குமாற்றுக் குச்சி போல இருந்தது. காசுக்கு முன்னால் வாயைப் பொத்தத் தெரிந்த மனுஷனுக்கு, பெண்டாட்டிக்கு முன்னால் பொத்தத் தெரியவில்லை. இவரெல்லாம் பெரிய தொழில்காரர்!

சமையலறைக்குள் வந்ததும் அண்ணன் பல்லைக் கடித்தார். "பெட்டியைக் கட்டு. மிச்ச நாளாவது என் வீட்ல நிம்மதியா இரு."

"பெட்டி எப்பவோ கட்டியாச்சுண்ணே. ரெண்டு தடவை கிளம்பியும் பார்த்தேன். தெருமுனை வரைக்கும் கத்திக்கிட்டே பின்னால வந்தாரு. ஜன்னலுக்கு ஜன்னல் ஆளு நின்னு வேடிக்கை பார்த்துச்சு. கூசிப்போய்த் திரும்பிட்டேன்."

"அந்த வாயை நான் அடைக்கிறேன்."

"உன்னால முடியாதுண்ணே. கொஞ்சம் இங்கயே நில்லு."

அவள் வாசலுக்குப் போனாள். மணிச் சத்தமோ ஆள் சத்தமோ எதுவும் கேட்கவில்லை. திரும்பியபோது கையில் ஒரு பார்சல்.

"தபால் வந்திருக்கு."

"அதை ஆடி அசைஞ்சு கொண்டாறியா, சோம்பேறி மூ..."

பார்சல் கண்ணில் பட்டதும் திட்டு பாதியில் நின்றது. கையுறை ஏறியது. டப்பி திறந்தது. வாய் பூட்டிக்கொண்டது. செட்டில் ஏழு காசு. ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துத் துழாவி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும்.

பெட்டியோடு இருவரும் அவர் கண்ணெதிரிலேயே நடந்தார்கள். அவருக்குக் கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. மூக்குக்கு நேராக, விரல் நடுவில் காசு மின்னியது. பெண்டாட்டியா, காசா? யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. உதடு இன்னும் இறுகியது.

தெருமுனை திரும்பியும் ஒரு சத்தம் வரவில்லை. அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எவன் பெத்த புள்ளையோ, சரியான நேரத்துல அனுப்பினான். அவனுக்கு ஒரு கும்பிடு போடணும்."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"மாசா மாசம் அனுப்புறது நான்தாண்ணே."