பகடை உருட்டாத மந்திரவாதி

"அக்கா, இது பச்சை அநியாயம். மாமாவுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

தம்பி தன் நோட்டை மேசைமேல் எறிந்தான். லிஃப்ட் மெக்கானிக். எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் ஒன்பதாவது ஆள் காலை வைத்தாலே அவனுக்குப் பொறுக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேரும் உட்கார்ந்து ஆடும் விளையாட்டு அது. அக்கா கதை சொல்லி நடத்துவாள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். தம்பி வாள்வீரன், எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா திருடி, அக்காவின் கணவர், அதாவது மாமா, மந்திரவாதி. பிழைப்பதும் சாவதும் பகடையில் விழும் எண்ணைப் பொறுத்தது.

மாமாவுக்கு மட்டும் பகடை கிடையாது.

அந்த மந்திரவாதி விளையாட்டுப் புத்தகத்திலேயே இல்லாதவன். அக்கா சொந்தமாக எழுதிச் சேர்த்தவன். அவன் மந்திரம் தப்பவே தப்பாது. விலை ஒன்றுதான்: ஒவ்வொரு மந்திரத்துக்கும் அவன் ஏதாவது ஒன்றை மறந்துபோவான்.

"பன்னிரண்டு வாரமா எழுதி வச்சிருக்கேன், பாரு. நான் மூணு தடவை செத்துட்டேன். டாக்டரம்மா ரெண்டு தடவை. மாமாவுக்கு ஒரு கீறல்கூட இல்ல. மறக்கிறதெல்லாம் ஒரு விலையா? விலையை ஏத்து. இல்லேன்னா அவரையும் பகடை உருட்டச் சொல்லு."

"இன்னிக்கு ஆடுவோம். அப்புறம் பேசலாம்" என்றாள் அக்கா.

கதையில் பாலத்தடியிலிருந்து பூதம் எழுந்து வந்தது. தம்பி உருட்டிய பகடையில் வெறும் ஒன்றுதான் விழுந்தது. வழக்கம்போல.

மாமா கண்ணை மூடிக் கையை நீட்டினார். "கல்லாப் போ."

பூதம் கல்லானது.

"விலை?" அக்காவின் குரல் தணிந்திருந்தது.

மாமா கண்ணைத் திறந்தார். வாசல் பக்கம் திரும்பிக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நாய் கதவைப் பிறாண்டுது. உள்ள விடுங்க, பாவம்."

அந்த வீட்டு நாய் செத்து மூன்று வருஷம் ஆகிறது. குழி தோண்டியது தம்பி. கூட நின்று மண் தள்ளியவர் மாமா.

டாக்டரம்மா படபடவென்று கை தட்டினாள். "என்ன நடிப்பு சார்! எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சு!"

மாமா முகம் மலர்ந்தது.

அடுத்த மந்திரத்தில் குகைச் சுவர் விலகியது.

"விலை?"

மாமா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம்.

"இந்தத் தம்பி நல்லா விளையாடறாரே. பக்கத்து வீடா?"

மறுபடியும் கைதட்டல். தம்பி மட்டும் தட்டவில்லை. மாமா கண்ணில் ஏதாவது குறும்பு தெரிகிறதா என்று தேடினான். முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் மரியாதைச் சிரிப்புதான் இருந்தது.

அக்காவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, இதோட நிறுத்து. நீ எழுதினது பலிக்குது! அவர் நடிக்கல. சத்தியமா அவருக்கு என்னை யாருன்னு தெரியல. அந்தத் தாளை இப்பவே கிழிச்சுப் போடு."

அக்கா எதையும் கிழிக்கவில்லை. அலமாரியில் தட்டுகளுக்கு அடியிலிருந்து மாமா பெயர் போட்ட ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

ஞாபகங்கள் ஒவ்வொன்றாகப் போகும், திரும்பி வராது என்று எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தான். ஒரு வருஷம் முந்தைய தேதி. அந்த மந்திரவாதியை அக்கா எழுதி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"ஆபீஸ்ல மறந்தா சிரிக்கிறாங்க. தெருவுல மறந்தா பாவம்னு பார்க்கறாங்க" என்றாள் அக்கா. "இந்த ஒரு மேசையிலதான்டா அவருக்குக் கை தட்டறாங்க."

கூடத்தில் மாமா செல்லமாக நாயைக் கூப்பிடுவது கேட்டது. தம்பி சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"அப்போ நீ வச்ச அந்த விலை..."

"விலையை நான் வைக்கலடா. அதை அவர் தினமும் கொடுத்துட்டுதான் இருந்தார். சும்மா போகுதேன்னு, பதிலுக்கு ஒரு மந்திரம் மட்டும் எழுதிக் கொடுத்தேன்."