உதட்டில் ஒரு சொட்டு

சோப்புத் தொழிற்சாலையின் வாசனைப் பரிசோதகர், லேபிள் இல்லாத பாட்டிலில் விரலை விட்டு உதட்டில் தடவினார்.

"யூஜினால். கிராம்புச் சத்து."

"உதடு வெந்துபோகும் அண்ணே! கிளவுஸ் எங்க?" பாதுகாப்பு அதிகாரி சீறினாள்.

"பழகிடுச்சும்மா."

"நான் மேலிடத்துக்கு எழுதினா உங்க வேலையே போயிடும். கிளவுஸை மாட்டிக்கிட்டு, மோந்து பாத்துச் சொல்லுங்க."

அடுத்த பாட்டிலை நீட்டினாள். கையுறையோடு அதை மூக்கருகே கொண்டுபோனவர் மறுபடி மறுபடி மோந்து பார்த்தார்.

"புதினா எண்ணெய்ண்ணே! குழந்தைகூடச் சொல்லுமே?"

"உதடு மரத்தா யூஜினால், குளிர்ந்தா புதினா," என்றார் மெதுவாக. "காய்ச்சல்ல வாசனையே தெரியாமப் போயி மூணு மாசமாச்சு. இதுவரைக்கும் ஒரு பாட்டில்கூடத் தப்பாச் சொல்லலைம்மா."