தொட்டித் தண்ணீர்

தொட்டியில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை.

கமலாவதி ரீச்சருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் மகள் நிவேதனாவுக்கு ஞானஸ்நானம். நெற்றியில் நாலு துளி தெளித்து முடிக்கிற சபை இல்லை இது. ஆள் முழுதாகத் தண்ணீருக்குள் போய் எழும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் திருவிருந்தில் அப்பமும் திராட்சை இரசமும்.

அதற்கென்றே நீல ரைல்ஸ் பதித்து, இறந்துபோன கணவரின் பெயரைக் கல்லில் வெட்டி, ரீச்சர் கட்டிக் கொடுத்த தொட்டி அது. முதல் முழுக்கே மகளுடையதுதான். கனடாவிலிருந்து தங்கச்சி குடும்பம் கமராவும் கையுமாக முன்வரிசையில் வந்து இருக்கிறது.

சபையைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் பஞ்சலிங்கம் தும்புத்தடியோடு வந்தார்.

"நேற்று பவுசரிலை வந்த தண்ணி எங்கை?"

"ஒழுங்கைச் சனத்துக்குக் குடுத்திட்டன் ரீச்சர்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீர்?"

அவர் தும்புத்தடியைச் சுவரோடு சாத்தி வைத்தார்.

சபை வாசலிலிருந்து கடல்வரை போகிற குறுந்தெரு அந்த ஒழுங்கை. இந்தக் கோடையில் அதன் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. சனிக்கிழமை தோறும் சபைதான் பவுசர் வண்டி பிடித்துக் குடிதண்ணீர் கொடுக்கிறது. சமூக சேவைக் குழுவுக்கு ரீச்சர்தான் தலைவி. கேற்றில் அவர் பெயர் போட்ட பதாகையும் தொங்குகிறது. நேற்று மட்டும் கேற்றைப் பூட்டச் சொல்லிவிட்டு, வந்த தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் விடச் செய்திருந்தார்.

"ஒரு சனிக்கிழமை குடுக்காட்டி என்ன, சனம் செத்தா போகும்? வாற கிழமை குடுப்பம்தானே. என்ரை பிள்ளைக்கு இது வாழ்க்கையிலை ஒருக்கா வாற நாள்."

"குடத்தோடை வெயிலுக்கை நிண்டதுகள் ரீச்சர். பொழுதுபடுற நேரமாகியும் போகேல்லை. எனக்கு மனம் கேக்கேல்லை."

"உம்மடை மனத்தை உம்மடை வீட்டுத் தண்ணியிலை காட்டும். திறப்பைத் தாரும். நாளையிலையிருந்து இந்தப் பக்கம் வரவேண்டாம்."

பஞ்சலிங்கம் கேற்றுச் சாவியும் கதவுச் சாவிகளும் கிடந்த திறப்புக்கோர்வையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அந்தப் பணிவு ரீச்சருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எதிர்த்து நாலு வார்த்தை கதைத்திருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

போதகர் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். "ஒழுங்கை முடிவிலை கடல் கிடக்குத்தானே ரீச்சர். தொட்டி கட்டமுன்னம் எல்லாரும் அங்கைதானே முழுகினவை."

"வள்ளங்களுக்கு நடுவிலையோ பாஸ்ரர்? என்ரை பிள்ளையோ?"

"நான் கடலிலையே முழுகிறன் அம்மா," என்றாள் நிவேதனா.

பெற்ற பிள்ளையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

சபை பாடிக்கொண்டே ஒழுங்கையில் இறங்கியது. வெள்ளை அங்கியோடு மகள் முன்னால் நடந்தாள். பின்னால் வந்த ரீச்சரின் வாய் பாட்டுக்கு அசைந்தாலும் மனம் வேறு கணக்குப் போட்டது. சபையைப் பார்க்க இனி வேறு ஆள் தேட வேண்டும். சொன்னதைக் கேட்கிற ஆளாகப் பார்த்து வைக்க வேண்டும். திறப்புக்கோர்வை கைக்குள் கிடந்து உறுத்தியது.

பாதி வழியில் நாலைந்து பெண்கள் குறுக்கே வந்து நின்றார்கள். கடற்றொழில் வீட்டுப் பெண்கள். நெற்றியில் திருநீறு. முன்னால் நின்றவள் ஞானாம்பிகை, சனிக்கிழமைகளில் குடத்தோடு முதலாவதாக வருகிறவள்.

நேற்றுக் கேற்றைப் பூட்டியதற்குச் சண்டைக்கு வந்திருக்கிறாளாக்கும் என்று நினைத்தார் ரீச்சர். வரட்டும். இருக்கிற கோபத்துக்கு யாராவது வாயைத் திறந்தால் போதும்.

ஞானாம்பிகை நேரே வந்து ரீச்சரின் கைகள் இரண்டையும் திறப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நாங்கள் உங்களைப் பிழையா நினைச்சிட்டம் ரீச்சர். கேற்றைப் பூட்டினவுடனை வாய்க்கு வந்தபடி உங்களைத் திட்டிப்போட்டம். பிறகு பஞ்சலிங்கம் அண்ணை திறந்து விட்டுச் சொல்லேக்கைதான் விளங்கினது."

"என்ன சொன்னவர்?"

"'இது மகளின்ரை முழுக்குக்கு வைச்ச தண்ணி. உங்களைக் கண்டு மனம் பொறுக்காமல், அதையே அள்ளிக் குடுக்கச் சொல்லி ரீச்சர்தான் திறப்பைத் தந்தவ' எண்டு."