வெண்டல் குறித்த முகூர்த்தம்

"இந்த ஆண்டின் கடைசி உரம் என்று விழும் என்பதை உரிய நேரத்தில் அறிவிப்பேன். அதுவரை இந்தத் தெருவில் ஒருவரும் மூட்டையைப் பிரிக்கக் கூடாது."

வெண்டல் ஹூக்ஸ்ட்ரா நாட்டு மக்களுக்கு உரையாற்றவில்லை. தன் வீட்டுப் புல்வெளியில் மண்டியிட்டு, மண்ணில் குத்திய தெர்மாமீட்டரைப் பார்த்தபடி பக்கத்து வீட்டு கர்ட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மிஷிகனின் அந்தப் பதினெட்டு வீட்டுத் தெருவில் பதினைந்து வருடமாக அவர் குறிப்பதுதான் முகூர்த்தம். மூலைவீட்டுப் பல் டாக்டர்கூட அவரைக் கேட்காமல் புல்லுக்கு உரம் போட மாட்டார்.

"மண் சூடு எவ்வளவு காட்டுது?" என்றான் கர்ட்.

"ஐம்பத்தெட்டு ஃபாரன்ஹீட். நாற்பத்தஞ்சுக்கு இறங்கணும். மேல புல்லு தூங்கிடணும், கீழ வேர் முழிச்சிருக்கணும். அந்த நேரம் பார்த்துப் போடணும். நீ போன வருஷம் என்ன பண்ணினே?"

"சீக்கிரமே போட்டுட்டேன்."

"புல்லுக்கு ஒரே குஷி. தளதளன்னு வளர்ந்துச்சு. அது மேல பனி உட்கார்ந்து அழுகடிச்சுது. ஏப்ரல்ல உன் புல்வெளி எப்படி இருந்துச்சு?"

"சொறி நாய் முதுகு மாதிரி."

"நான் கொஞ்சம் நாகரிகமா சொல்லலாம்னு பார்த்தேன்."

கர்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டை விலைக்கு வாங்க வந்தவர்கள் அந்தச் சொறியைப் பார்த்துவிட்டுக் காரைவிட்டே இறங்காமல் போனார்கள். மனைவி மார்லிஸ் வேலை கிடைத்து மகளோடு டென்வர் போய் ஒன்றரை வருடம். வீடு விற்றால்தான் இவன் அங்கே போக முடியும். வரும் ஏப்ரலில் பனி உருகியதும் புல் பச்சையாக எழ வேண்டும். கையில் இருப்பதோ ஒரே மூட்டை. கடையில் உரத்தை ஏறக்கட்டிவிட்டுப் பனி அள்ளும் மண்வெட்டிகளை அடுக்கிவிட்டார்கள்.

"அப்போ இன்னும் மூணு வாரம் பொறுக்கணும்?"

"பொறுக்கணும். அறிவியல் பொய் சொல்லாது."

அப்போது எதிர்வீட்டு கராஜ் கதவு உயர்ந்தது. எண்பது வயது மிஸஸ் வாண்டர்வீன் தூவும் தள்ளுவண்டியோடு வெளியே வந்து, தன் புல்வெளியில் நூல் பிடித்த மாதிரி நடக்க ஆரம்பித்தார். வண்டியிலிருந்து மணி மணியாய்ச் சிதறியது.

வெண்டல் தெர்மாமீட்டரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மூட்டையைப் பிரி."

"எப்போ?"

"இப்போ."

"ஐம்பத்தெட்டுன்னு சொன்னீங்க. நாலு நாள் முன்னாடிதான் நான் புல் வெட்டினேன். இன்னும் வளருது."

வெண்டல் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வெளியே சொல்லாதே. தெர்மாமீட்டர் ஊர் திருப்திக்கு. இந்தத் தெருவிலேயே முதல்ல பச்சையாகிறது யார் புல்வெளி?"

"மிஸஸ் வாண்டர்வீனோடது."

"அந்தம்மா வண்டியை எடுக்கிற அன்னைக்குத்தான் நானும் எடுப்பேன். பதினஞ்சு வருஷமா. ஒரு தடவை தப்பினதில்ல."

"அப்போ அறிவியல்?"

"கூர்ந்து கவனிக்கிறதுக்குப் பேருதான் அறிவியல்."

"இவ்வளவு சீக்கிரம் எப்பவாவது எடுத்திருக்காங்களா?"

"இல்ல. விஷயமே அதுலதான் இருக்கு. இந்த வருஷம் குளிர் முந்திக்கும். அந்தம்மாவுக்கு எலும்புல தெரியுது. தெர்மாமீட்டருக்கு ஏது எலும்பு?"

கர்ட் தன் ஒற்றை மூட்டையைப் பார்த்தான். "தப்பாப் போச்சுன்னா எனக்கு இன்னொரு வருஷம் போகும், வெண்டல்."

"தப்பாப் போச்சுன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

பத்து நிமிடத்தில் வெண்டலின் வண்டி கடகடத்தது. சத்தம் கேட்டுப் பல் டாக்டர் நோயாளியை நாற்காலியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பதினான்கு வீடுகளில் வண்டி உருண்டது. கர்ட் நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை நடந்து மூட்டையை உதறிக் கடைசி மணிவரை தூவினான். பிறகு மார்லிஸுக்கு போன் போட்டு, "ஏப்ரல்ல வீடு போயிடும். இந்தத் தடவை சந்தேகமே இல்ல" என்றான். அவன் குரலில் அப்படியொரு தெம்பை அவள் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

நன்றி சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. தெருவைக் கடந்து போனான். மிஸஸ் வாண்டர்வீன் கராஜ் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றிங்க. உங்களைப் பார்த்துத்தான் தெருவே இன்னைக்கு உரம் போட்டிருக்கு."

"என்னைப் பார்த்தா?" அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "நான் ஒரு நாளும் உரம் போட்டதில்லையேப்பா. தெற்கு வெயில் நேரா விழுது, புல்லு அதுவா வருது."

"அப்போ வண்டியில இருந்தது?"

"பறவைத் தீனி. என் தங்கச்சி அரிசோனாவிலேருந்து வர்றதுக்கு முந்தின நாள் தூவி வைப்பேன், காலையில ஜன்னல்கிட்ட உட்கார்ந்து குருவி பார்ப்பா. எப்பவும் நவம்பர் கடைசியில தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குத்தான் வருவா. இந்த வருஷம் மூணு வாரம் முன்னாடியே பிளேன் டிக்கெட் மலிவாக் கிடைச்சுதாம்."