மஞ்சள்மேல் விழுந்த திருகாணி

பார்வை மங்கி வருவதை அருளப்பன் வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய தையல் மெஷின் ரிப்பேர் பட்டறைக்குத் தரை பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. மனைவி ரெஜினா அடர்சாம்பல், பச்சை, மஞ்சள் மூன்றையும் தரையில் முழ அகலத்துக்குத் தீட்டிக் காயவிட்டிருந்தாள்.

“சாம்பலே நல்லாத்தான் இருக்கு” என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவள் கையிலிருந்து ஒரு கறுப்புத் திருகாணி அதன்மேல் விழுந்தது.

“எடுங்களேன், என்னால குனிய முடியல.”

அவர் குனிந்து தேடினார்; கடைசியில் விரலால் துழாவித்தான் எடுத்தார். பச்சைப் பக்கம் நகர்ந்ததும், அவர் எடுத்துக் கொடுத்த திருகாணி அவள் கையிலிருந்து அங்கேயும் விழுந்தது. அங்கேயும் துழாவல்தான்.

“இன்னிக்கு உன் கைக்கு என்னடி ஆச்சு?” என்று எரிந்துவிழுந்தார்.

மஞ்சளில் விழுந்ததை மட்டும் அவர் கை நேராகப் போய் எடுத்தது.

“மஞ்சளே அடிச்சிருவோம்” என்றாள் ரெஜினா.

“பட்டறைக்கு எவனாவது மஞ்சள் அடிப்பானா? ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலும் பல்லை இளிக்கும்.”

“சிந்தினா நான் தொடைக்கிறேன்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெயின்ட் டப்பாக்களை மூடத் தொடங்கினாள். அருளப்பன் உள்ளங்கையிலிருந்த திருகாணியைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதை அவளிடமே நீட்டினார்.

“மஞ்சள் மேலயே இன்னொரு தரம் போடு” என்றார்.